பத்திரமாக எடுத்து வைத்தவர்கள்

வெள்ளத்துக்கு முன்னால் அந்தத் தெருவுக்கு ஒரு குடியிருப்போர் சங்கம் இருந்ததே பலருக்கு ஞாபகமில்லை. தண்ணீர் வடிய ஆரம்பித்ததும் சங்கத்துக்கு உயிர் வந்துவிட்டது. பாதுகாப்புக் குழு என்று ஒன்று முளைத்தது. தலைவர் கழுத்தில் விசில் ஏறியது, மற்றவர்கள் கையில் சிவப்புத் துணிப்பட்டை. கால்வாய்க்கு அந்தப் பக்கத்து ஆட்கள் ஆளில்லாத வீடுகளில் புகுந்து சூறையாடுகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். அதை இன்னொருவர் கேட்டார். சாயங்காலத்துக்குள் தெருவே கண்ணால் பார்த்ததாகப் பேசிக்கொண்டிருந்தது. யாரைப் பார்த்தீர்கள், எந்த வீட்டில் பார்த்தீர்கள் என்று கேட்டால் மட்டும் பதில் சொல்ல ஆள் கிடையாது.

தையல்காரி கீழ்வீட்டில் வாடகைக்கு இருந்தவள். தண்ணீர் இடுப்புக்கு ஏறியபோது உடுத்திய துணியோடு பள்ளிக்கூடத்து முகாமுக்குப் போய்ச் சேர்ந்தாள். அவள் புருஷனுக்கு அச்சகத்தில் பைண்டிங் வேலை. சங்கத் தலைவர் அவனுடைய அக்கா வீட்டுக்காரர். அதனால் தண்ணீர் கொஞ்சம் இறங்கியதுமே அவனும் பட்டையைக் கட்டிக்கொண்டு காவலுக்குக் கிளம்பிவிட்டான். முகாமுக்குச் சாப்பாட்டு நேரத்துக்குத் தவறாமல் வருவான். நாட்டைக் காக்கப் போகிறவன் மாதிரி ஏப்பம் விட்டுவிட்டுத் திரும்பிப் போவான்.

அவள் வீடு திரும்பியபோது பின்கதவு தாழ் பெயர்ந்து தொங்கியது. மெத்தை சேற்றில் ஊறிக் கிடந்தது. பாத்திரங்கள் மூலைக்கொன்றாகச் சிதறியிருந்தன. தையல் மெஷினைக் காணோம். தலையும் இல்லை, கால்மிதி வைத்த இரும்பு ஸ்டாண்டும் இல்லை. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். புருஷனுக்கு அச்சகமே மூழ்கிவிட்டது, வேலை எப்போது திரும்பக் கிடைக்கும் என்று தெரியாது. அந்த மெஷின் ஒன்றுதான் இனிச் சோறு போட வேண்டியது.

"அழாத. போனது போகட்டும், உயிர் இருக்குல்ல" என்றான் அவன். அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான். பாவம், மனுஷனுக்கும் தாங்கவில்லை போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அவள் தரையில் சேற்றை வழித்துக்கொண்டிருந்தபோது விசில் சத்தம் கேட்டது. கைகூடக் கழுவாமல் ஓடினாள். விளக்குக் கம்பத்தில் ஓர் ஆளைக் கட்டி வைத்திருந்தார்கள். உதடு கிழிந்திருந்தது. யாரென்று பார்த்தால், பழைய இரும்புக்காரர். கால்வாய்க்கு அந்தப் பக்கம்தான் குடியிருப்பு. தெருவில் அவருக்குப் பழைய பேப்பர் போடாத வீடு கிடையாது. எடை போடும்போது எல்லோரும் "அண்ணே, அண்ணே" என்று குழைவார்கள். இப்போது அதே வாய்கள் "டேய்" என்றன. பக்கத்தில் அவருடைய மூன்று சக்கர வண்டி நின்றது. அதிலிருந்து இறக்கி வைத்திருந்த சாமான், சேறு அப்பிய அவளுடைய இரும்பு ஸ்டாண்ட்.

"இது உன்னோடதுதானே? நல்லாப் பாத்துச் சொல்லு" என்றார் தலைவர்.

"என்னோடதுதான் மாமா."

அவள் வாயிலிருந்து அது வந்ததோ இல்லையோ, பட்டை கட்டிய கையொன்று இரும்புக்காரர் கன்னத்தில் இறங்கியது. "தலையை எங்கடா வித்த?"

"சத்தியமா எனக்குத் தெரியாது சார். பின்னால சந்துல கெடந்துச்சு. வெள்ளத்துல வீணாப்போச்சுன்னு தூக்கிப் போட்டுட்டாங்கன்னு நெனச்சேன்." அவர் தையல்காரியைப் பார்த்தார். "உங்க வீட்டு சாமான்னு தெரிஞ்சா தொட்டிருப்பேனாம்மா?"

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தான் உள்ளதைச் சொன்னதற்கு அவர் ஓர் அறை வாங்கியிருக்கிறார். போலீசுக்கு ஆள் போயிருக்கிறது, இப்போது வந்துவிடுவார்கள் என்றார்கள். ஊரில் கொள்ளை, கொள்ளை என்று கூச்சல் போடும் இந்த நேரத்தில் ஓர் ஆள் கையில் சிக்கினால் போலீஸ் சும்மா விடுமா? நடந்தது, நடக்காதது எல்லாவற்றையும் இவர் தலையில் கட்டி உள்ளே தள்ளிவிடுவார்கள். அவள் சுற்றுமுற்றும் புருஷனைத் தேடினாள். அவன் கூட்டத்தின் கடைசியில் நின்று செருப்பிலிருந்த சேற்றைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தான்.

அவருக்குக் குடிக்கத் தண்ணீர் வாங்கி வரலாம், அப்படியே நாத்தனாரிடம் சொல்லித் தலைவரை இறங்கி வரச் செய்யலாம் என்று எண்ணி அவள் எதிர்க் கட்டடத்தில் மாடியேறினாள். நாத்தனார் அடுப்படியில் நின்றிருந்தாள்.

"அண்ணி, அந்த ஆளை எனக்கு நல்லாத் தெரியும். மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. குடிக்கக் கொஞ்சம் தண்ணியும் குடுங்க."

"திருட்டுப் பயலுக்குத் தண்ணி ஒண்ணுதான் குறைச்சல். சரி, பாட்டில் ஏதாவது கெடக்கும், எடுத்துக்கிட்டுப் போ." சொன்னவள் சட்டென்று கரண்டியோடு திரும்பினாள். "ஏய், உள் ரூமுக்குப் போகாத. அங்க துணி காயுது."

சொல்வதற்குள் தையல்காரி கதவைத் தள்ளிவிட்டிருந்தாள். அங்கே ஒரு துணியும் காயவில்லை. சுவரோரமாக மிக்ஸிகள் வரிசையாக நின்றன. மூன்று டிவி, கேஸ் சிலிண்டர்கள், ஒரு குழந்தை சைக்கிள், ஜோடி பிரியாத புதுச் செருப்புகள். கட்டிலுக்குக் கீழே, அவளிடம் தைக்கக் கொடுத்திருந்த யாருடைய துணியிலோ சுற்றி, அவள் மெஷினின் தலை.

அவள் குனிந்து அந்தத் துணியை விலக்கிப் பார்த்தாள்.

"எல்லாம் பத்திரமா எடுத்து வெச்சிருக்கோம்" என்றாள் நாத்தனார். குரல் ஒரு துளி நடுங்கவில்லை. "கண்டவன் தூக்கிட்டுப் போறதுக்கு நாம எடுத்து வெச்சா நல்லதுதானே? அவங்கவங்க வந்து கேட்டா குடுத்துடப் போறோம்."

"நேத்து நான் இங்க வந்து உங்க தோள்ல சாஞ்சுதானே அழுதேன் அண்ணி. அப்ப ஏன் சொல்லல?"

"உன்கிட்டச் சொன்னா ஊருக்கே தெரியும். ஆளாளுக்கு வந்து நிப்பாங்க. கொஞ்சம் அடங்கட்டும்னு பாத்தோம்." கரண்டியைக் கீழே வைத்தாள். "என்னை ஏன் கேக்கற? தூக்கிட்டு வந்ததே உன் புருஷன்தான். ஸ்டாண்ட் கனமா இருக்குன்னு சந்துலயே போட்டுட்டு வந்துட்டான் சோம்பேறி. அதுதான் இப்ப வினையாப் போச்சு."

வேலி பயிரை மேய்ந்ததைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். மேய்ந்த வேலி வீட்டுக்கு வந்து 'அழாதே' என்று தேற்றியதே, அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. அவன் சாப்பிட்டதும், ஏப்பம் விட்டதும், முகம் பார்க்காமல் பேசியதும் ஒவ்வொன்றாக அவளுக்குப் புரிந்தது.

"இத பாரு, இப்ப போய் வாயைத் திறந்து வெச்சிராத" என்று நாத்தனார் அவள் கையைப் பிடித்தாள். "உன் மாமா மானம் போயிரும். குடும்பத்துக்கே தலைகுனிவு. அந்த ஆளை ஒரு நாள் ரெண்டு நாள் வெச்சிருந்து விட்டுருவாங்க. அவனுக்கு இதெல்லாம் பழகினதுதான்."

"யாருக்குப் பழகினது அண்ணி?"

அவள் கையை உதறிவிட்டு, குனிந்து மெஷின் தலையைத் தூக்கினாள். இடுப்பில் பிள்ளையை வைப்பதுபோல் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். பாதிப் படியில் புருஷன் எதிரே வந்து நின்றான். அவள் இடுப்பில் இருந்ததைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப்போனது.

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம். இதைக் கீழ கொண்டு போகாத."

"அவரைக் கட்டிப் போட்டிருக்காங்க. பாத்துட்டுதானே நின்னீங்க?"

"அந்த ஆள் மாட்டுவான்னு நான் கனவா கண்டேன்? சொல்லலாம்னுதான் நெனச்சேன். அதுக்குள்ள அடிக்க ஆரம்பிச்சிட்டாங்க. அப்புறம் எப்படிச் சொல்றது?"

"வாயாலதான். வழி விடுங்க."

அவன் விட்டான். அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், மெஷினின் தலையை ஸ்டாண்டின் மேல் வைத்தாள். அது கச்சிதமாக உட்கார்ந்தது.

"தலை எங்கன்னு கேட்டீங்கல்ல, இதோ இருக்கு. தலைவர் வீட்டு உள் ரூம்ல இருந்துச்சு. இன்னும் டிவி இருக்கு, மிக்ஸி இருக்கு, சிலிண்டர் இருக்கு, சின்னப்பிள்ள சைக்கிள்கூட இருக்கு. யாரோடதுன்னு போய்ப் பாத்துக்கங்க."

ஊர் கொந்தளிக்கும் என்று நினைத்தாள். தலைவரின் சட்டையைப் பிடித்து நாலு கேள்வி கேட்பார்கள் என்று நம்பினாள். தலைவர்கூட அப்படித்தான் பயந்திருக்க வேண்டும். "பத்திரமா எடுத்து வெச்சதுதான், நானே சொல்லணும்னு இருந்தேன்" என்று எச்சில் விழுங்கினார். ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. டியூஷன் டீச்சர் அடுப்பில் பால் வைத்திருப்பதாக முனகிவிட்டு உள்ளே போனார். மருந்துக்கடைக்காரர் வராத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். சற்றுமுன் கை நீட்டி அறைந்தவன் பட்டையைக் கழற்றிப் பையில் திணித்தான். மடியில் கனம் இருப்பவனுக்குத்தானே வழியில் பயம். தலைவர் வீட்டில் மட்டுமா உள் அறை இருக்கிறது? ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்கிறது. கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்திக்கொண்டன. தலைவரும் நைசாக நழுவினார். ஒரு மனிதனைக் கட்டிவைத்து அடித்தோமே, அவிழ்த்துவிட்டாவது போவோம் என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தூ.

கயிறு நனைந்து இறுகிப்போயிருந்தது. அவள் பல்லால் கடித்து இழுத்து முடிச்சை அவிழ்த்தாள். இரும்புக்காரர் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே சுற்றிலும் பார்த்தார்.

"என் வண்டி எங்கம்மா?"

வண்டி நின்ற இடத்தில் சேற்றில் சக்கரத் தடம் மட்டும் இருந்தது. தராசு, இரும்பு, சேர்த்து வைத்த பழைய பேட்டரி, எல்லாவற்றோடும் வண்டி போயிருந்தது. திருடனைப் பிடித்து வைத்துக்கொண்டு தெருவே நின்றிருந்தபோது, அவருடைய வண்டியை யாரோ உருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மனிதர் அடி வாங்கும்போது அழவில்லை. இப்போது கம்பத்தடியில் குந்தி அழுதார்.

அந்த நேரம் பார்த்து போலீஸ் ஜீப் வந்து நின்றது. ஏட்டு இறங்கினார். காலியான தெரு, சேற்றில் ஒரு தையல் மெஷின், அவிழ்ந்து கிடந்த கயிறு, உதடு கிழிந்த ஓர் ஆள், பக்கத்தில் ஒரு பெண். தூரத்தில் படிக்கட்டு வாசலில் அவள் புருஷன் நின்றுகொண்டு, வேண்டாம் என்று கையை ஆட்டினான்.

"திருடனைப் பிடிச்சு வெச்சிருக்கறதாச் சொன்னாங்களே, யாரும்மா அது?" என்றார் ஏட்டு. இரும்புக்காரரின் தோளில் அவர் கை அதற்குள் விழுந்திருந்தது.

"அவரை விடுங்க சார், அவர் பறிகொடுத்தவர்" என்றாள் அவள். "நான் வரிசையாச் சொல்றேன், எழுதிக்கங்க. முதல்ல என் புருஷன்."