பதிமூன்றாவது குப்பி

"இது எங்கம்மா வீட்டு உறைத்தயிர். வாரம் ஒரு தடவை புதுப் பால்ல உறை ஊத்தணும். சாகடிச்சிடாதே, ஹென்னிங்!"

"செத்துப்போச்சுன்னா?"

"வாயைத் திறந்து இன்னொரு டப்பா கேளு. நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

ஈல்வா இதைச் சொல்லி மூன்று வருடமாகிறது. தயிர் சாகவில்லை. ஆனால் ஸ்வீடனின் உமேயோ நகர ஆய்வுக்கூடத்தில் பக்கத்து மேசையில் இருக்கும் அவளிடம் கேட்க வேண்டியதை ஹென்னிங் இன்னும் கேட்கவில்லை. திங்கட்கிழமை அவள் தொலைவில் உள்ள கோதன்பர்க் நகரில் புது வேலையில் சேர்கிறாள்.

இன்று அவளுடைய கடைசிச் சோதனை. ஒரு தட்டில் எட்டு ஒளிரும் சாயங்கள். கிருமியைச் சேர்த்தால் சில சுடர்விடும், சில மங்கும். அந்த ஒளிவரிசை கிருமிக்குக் கிருமி மாறும். அதைப் பார்த்துக் கணினி பெயர் சொல்ல வேண்டும். பெயர் எழுதாத பன்னிரண்டு குப்பிகளைத் தயாரித்துத் தருவது ஹென்னிங்கின் வேலை.

அவன் பதிமூன்று வைத்தான். கடைசிக் குப்பியில் அவள் கொடுத்த தயிர். தன் வாய்க்கு வராததைத் தயிராவது தொடங்கி வைக்கட்டும் என்று ஒரு நப்பாசை.

பன்னிரண்டும் சரியாக வந்தன. பதிமூன்றாவதற்குக் கணினி, உணவை நஞ்சாக்கும் கிருமியான "லிஸ்டீரியா" என்றது.

ஹென்னிங் நாக்கைக் கடித்துக்கொண்டான். கணினிக்கு நோய்க்கிருமிகளை மட்டுமே பழக்கியிருந்தார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அதற்குத் தெரியாது. ஏறக்குறைய ஒத்துப்போகும் பெயரைச் சொல்லிவிடும்.

ஈல்வா திரையையே பார்த்தாள். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு பாதுகாப்புப் படிவத்தை எடுத்தாள்.

"பட்டியல்ல இல்லாத குப்பி. எங்கேர்ந்து வந்துச்சு?"

"என்... ஃப்ரிட்ஜிலேர்ந்து."

"ஐயோ! யாராவது சாப்பிட்டாங்களா?"

"காலையில நான்தான். ரெண்டு கிண்ணம்."

"அப்ப மொத்தத்தையும் கொதிக்க வெச்சுக் கொட்டிடணும். ஒரு சொட்டு மிச்சம் வைக்கக் கூடாது."

"கொட்டாதே! அது நீ குடுத்த தயிர், ஈல்வா. மூணு வருஷமா ஒரு வாரம்கூட விடாம உறை ஊத்தியிருக்கேன். ஊருக்குப் போனாகூட டப்பாவைத் தூக்கிட்டுத்தான் போவேன்."

அவள் குபீரென்று சிரித்தாள். தன் குறிப்பேட்டின் முதல் பக்கத்தை விரித்து நீட்டினாள். திரையில் இருந்த அதே எட்டு ஒளிகள். கீழே அவள் கையெழுத்தில், 'முதல் சோதனை: அம்மா வீட்டுத் தயிர்'.

"பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு, மக்கு. தயிரைப் பேச விட்டுட்டு நீ சும்மா நின்னா எப்படி?" படிவத்தைத் தட்டினாள். "குப்பி வெச்ச காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. சொல்லு, எழுதணும்."

ஹென்னிங்கின் காது மடல்கள் சிவந்தன.

"கோதன்பர்க்குக்கு என்னையும் கூட்டிட்டுப் போ."