ஐந்நூறு டாலருக்கு ஓர் அப்பா

பழைய வண்டியை வாங்கி அதற்கு விற்பனை வரியும் கட்டுகிறவன் சுதந்திர மனிதன் அல்ல. அப்படிப்பட்டவனுக்கு வாக்குரிமை கொடுத்தது டெக்சாஸ் மாநிலம் செய்த மாபெரும் பிழை. கோல்பி டக்கர் எங்கள் வாடகை வீட்டுச் சமையலறையில் நின்று, கையில் பால் கிண்ணத்தோடு, இதை அறிவித்தான். சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னான். போன வருஷம் ஒரு பல் டாக்டரிடம் கார் வாங்கி, மறுநாளே போய் வரி கட்டிவிட்டு வந்தவன் நான்.

"டேய் வெஸ், அந்த வண்டி புதுசா வித்தப்பவே வரி வாங்கியாச்சு. கை மாறினா மறுபடியும் வாங்கறான். அடுத்த கைக்குப் போனா அப்பவும் வாங்குவான். ஒரே மாட்டை எத்தனை தடவைடா கறப்பாங்க?"

"மாட்டைத் தினமும்தானே கறப்பாங்க?"

"நீ பேசாத. நீ கட்டினவன்."

அவன் வாங்கவிருந்தது எமில் குபேனா என்ற கிழவரின் வெள்ளை பிக்கப் லாரி. ஊருக்கு வெளியே, கால்நடைச் சந்தையைத் தாண்டி இருந்தது அவருடைய பண்ணை. விலை எண்ணாயிரம் டாலர், வரி ஐந்நூறு. விலையைக் குறைத்து எழுதித் தப்பலாம் என்றால் முடியாது. எந்த வண்டி என்ன பெறும் என்று மாநிலமே ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ரொம்பக் குறைத்தால் அந்தக் கணக்கின்படி வாங்கிக்கொள்ளும். ஆனால் அப்பா மகனுக்கு வண்டியைச் சும்மா கொடுத்தால் பத்தே டாலர். இருவரும் ஒரு படிவத்தில் உறவைச் சொல்லிச் சத்தியம் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

கோல்பிக்கு அப்பா ஏற்கனவே ஒருவர் இருந்தார். அதை அவன் ஒரு தடையாக நினைக்கவில்லை.

நான்தான் பயந்தேன். கோல்பி இலையுதிர் காலத்தில் வனவிலங்குக் காவலர் பயிற்சிக்குப் போகிறவன். பத்து வயதிலிருந்து அவனுக்கு அது ஒன்றுதான் கனவு. மான் வேட்டைக்காரர்களிடம் உரிமத்தைக் கேட்கும் குரலை இப்போதே குளியலறையில் பழகிக்கொண்டிருந்தான். வேலையில் எடுப்பதற்கு முன் ஆளின் கடந்த காலம் முழுவதையும் தோண்டுவார்கள். ஒரு பொய்ச் சத்தியம், ஒரு மோசடிப் புகார், ஏதாவது ஒன்று கிடைத்தாலும் தீர்ந்தது. இதைச் சொன்னால், சட்டத்தைக் காக்கப் போகிறவனுக்கு அதில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும் என்றான்.

எமில் குபேனா படிவத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, கட்டைவிரலால் வரி வரியாகத் தடவிப் படித்தார். மனைவியை இழந்து ஒற்றை ஆளாக வாழ்கிறவர். எங்களுக்குக் கசகசா வைத்த கொலாச்சி ரொட்டியை எடுத்து வைத்திருந்தார்.

"உறவு என்னன்னு கேக்குதே இதுல."

"மறுமணத்துல வந்த மகன்னு போடுங்க சார்."

"உங்கம்மாவை நான் பாத்ததே இல்லையேப்பா."

"பரவால்ல சார். வரி ஆபீஸ்காரங்களும் பாத்ததில்ல."

கிழவர் சிரிக்கவில்லை. பேனா மூடியைக் கழற்றினார்.

"நான் பொய்க் கையெழுத்துப் போடறவன் இல்ல. போட்டேன்னா நீ என் மகன்தான். சரியா?"

"சரி சார்."

"சாரா?"

"சரிப்பா," என்றான் கோல்பி.

கிழவர் கையெழுத்துப் போட்டார். கோல்பி கொடுத்த எண்ணாயிரம் டாலர் உறையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் மேலங்கிப் பைக்குள் செருகினார். திரும்பும் வழியெல்லாம் கோல்பி வெற்றிப் பாட்டு பாடினான். எனக்கு மட்டும் அந்த 'சரிப்பா' காதைவிட்டுப் போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் படிவத்தின் அடியிலிருந்த பொடி எழுத்தை அவனுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பொய் சொன்னால் சிறை என்று இருந்தது. அதன்பின் கோல்பி வரி அலுவலகத்துக்கு 'நாளைக்குப் போகிறேன்' என்று சொல்ல ஆரம்பித்தான். படிவம் லாரியின் முன்பெட்டியிலேயே கிடந்தது. பத்து டாலர் கட்டக்கூட இவ்வளவு தைரியம் வேண்டும் என்று அவன் எதிர்பார்த்திருக்கவில்லை.

இதற்கிடையில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் எமில் குபேனா மாதா கோயில் வாசலில் நின்று, தனக்கு மூன்றாவதாக ஒரு மகன் கிடைத்திருப்பதாக ஊருக்கே சொல்லியிருக்கிறார். இது எங்களுக்குத் தெரியாது. முதல் இரண்டு மகன்கள் வந்து சொல்லித்தான் தெரிந்தது.

அவர்கள் மத்தியான வேளையில் வந்தார்கள். கோல்பி குளித்துக்கொண்டிருந்தான். கதவைத் திறந்தபோது வாசலை ஒரே ஆள் நிறைத்திருந்தார். அவருக்குப் பின்னாலிருந்து இன்னொருவர் குரல் கொடுத்தார்.

"கோல்பிங்கறது நீயா தம்பி?"

"இல்ல சார். நான் வெஸ்." என் பெயரைச் சொல்ல அவ்வளவு ஆசைப்பட்டது அதுதான் முதல் தடவை.

"நான் வெர்னன் குபேனா. மாட்டு டாக்டர். முன்னால நிக்கறவன் என் தம்பி கிளிஃப். உள்ள வரலாமா?"

தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து சோபாவில் உட்கார்ந்தார்கள். குளிர்பானம் கொடுத்தேன், நன்றி சொன்னார்கள். அவர்கள் சத்தம் போட்டிருந்தால் எனக்குத் தேவலாம். வெர்னன் முழங்கை வரை தேய்த்துக் கழுவிய கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, எங்கள் சுவரைச் சுற்றிப் பார்த்தார்.

"கதவைப் பூட்டவே இல்லையே தம்பி. நல்ல பழக்கம் இல்ல."

"இனிமே பூட்டறேன் சார்."

கிளிஃப் குடித்த டப்பாவைக் கையாலேயே தட்டையாக்கி, மேசைமேல் மெதுவாக வைத்தார்.

கோல்பி துண்டோடு வெளியே வந்து, இருவரையும் பார்த்துவிட்டு அப்படியே நின்றான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"உன் அம்மா பேரு என்ன தம்பி?" என்று கேட்டார் வெர்னன்.

"எங்கம்மாவா? ஷீலா."

"அவங்களை எங்கப்பா எப்ப கட்டிக்கிட்டாரு?"

கோல்பி என்னைப் பார்த்தான். அவன் அம்மாவும் அப்பாவும் டைலர் நகரத்தில் கம்பளக் கடை வைத்திருக்கிறார்கள். அவர்கள் கல்யாண நாளுக்கு நானே போயிருக்கிறேன்.

"எங்கம்மா போய் ரெண்டு வருஷம் ஆகுது," வெர்னன் அதே குரலில் தொடர்ந்தார். "அப்பா தனியா இருக்காரு. திடீர்னு இன்னொரு மகன் இருக்கான்னு கோயில்ல சொல்றாரு. லாரி எங்கேப்பான்னு கேட்டா, மகனுக்குச் சும்மா குடுத்தேன்ங்கறாரு. பாங்குல போய்ப் பாத்தேன், ஒரு காசு வரல. கிழவங்களை ஏமாத்தறவனுக்கு இந்த ஊர்ல என்ன பேருன்னு உனக்குத் தெரியுமா?"

"சார், நான் காசு குடுத்தேன்."

"காகிதம் இருக்கா?"

இருந்தது. அதில் இனாம் என்று எழுதியிருந்தது.

அப்போதுதான் கோல்பியின் முகத்தில் முழு விஷயமும் ஏறியதைப் பார்த்தேன். வாங்கினேன் என்றால் படிவம் பொய். பொய்ச் சத்தியத்துக்குக் கிளம்பியவன். வாங்கவில்லை என்றால் கிழவரிடம் லாரியைப் பிடுங்கியவன். எந்தப் பக்கம் போனாலும் காவலர் வேலை கிடையாது. துண்டை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சட்டை போட்டுக்க," என்றார் வெர்னன். "அப்பாகிட்டயே கேட்டுடலாம். ஷெரீஃபுக்கு போன் பண்றதா வேண்டாமான்னு அப்புறம் பாத்துக்கலாம். நீயும் வா வெஸ்."

"நான் எதுக்கு சார்?"

"வா."

வெர்னனின் வண்டியில் பின்சீட்டில் எங்களை ஏற்றினார்கள். எங்கள் இருவருக்கும் நடுவில் பிரசவத்தில் கன்றை இழுக்கும் சங்கிலியும், ஆண்மையை எடுக்கும் நீளப் பிடி இடுக்கியும் கிடந்தன. இடுக்கி வளைவுகளில் என் தொடையில் வந்து முட்டியது. கோல்பி அதையே பார்த்துக்கொண்டு வந்தான். கண்ணாடியில் கிளிஃப் எங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். கால்நடைச் சந்தை கடந்தது. இங்கே குதித்தால் என்ன உடையும் என்று கணக்குப் போட்டேன். கணக்கில் நான் என்றைக்கும் சுமார்தான்.

எமில் குபேனா முற்றத்தில் கோழிகளுக்குத் தீனி வீசிக்கொண்டிருந்தார். கோல்பியைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வா மகனே. அண்ணன்மாரைப் பாத்துட்டியா?"

"அப்பா," என்றார் வெர்னன், "லாரிக்கு இவன் காசு குடுத்தானா?"

"இல்லையே. இனாம்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்."

கோல்பி வேலியைப் பிடித்துக்கொண்டான். "சார், அந்த உறை... நான் உங்க கையில குடுத்தேனே சார்..."

"சாரா?"

"அப்பா. அந்த உறைப்பா."

"ஓ, அதுவா. அது நீ எனக்குக் குடுத்த இனாம்." கிழவர் மகன்கள் பக்கம் திரும்பினார். "பாசக்காரப் பையன். நீங்க ரெண்டு பேரும் என்னிக்காவது எண்ணாயிரம் குடுத்திருக்கீங்களாடா?"

வெர்னன் தொப்பியைக் கழற்றினார்.

"அந்தப் பணம் எங்கேப்பா?" என்று கேட்டார் வெர்னன்.

"கோயில் கூரை நிதிக்குப் போட்டுட்டேன். பேர் எழுதாம உறையோட உண்டியல்ல போட்டேன். பேர் எழுதறது பெருமைக்கு."

கிளிஃப் போனை எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் நடந்தார். பாதிரியாரோடு அவர் பேசி முடிக்கும்வரை கோல்பி வேலியை விடவில்லை. அவன் உதடு அசைந்தது. ஜெபம் என்று நினைத்தேன். அப்படி ஒரு உறையே வரவில்லை என்று பாதிரியார் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று நானும் யோசித்தேன், யோசித்ததும் நிறுத்திக்கொண்டேன்.

கிளிஃப் திரும்பி வந்தார். அன்றைக்கு அவர் எங்கள் காதில் விழப் பேசியது இது மட்டும்தான். "இருக்காம். கடன் சங்கத்துப் பட்டை சுத்தின நூறு டாலர் நோட்டு."

"அது நான் வாங்கின கடன் சார்," என்றான் கோல்பி.

வெர்னன் அவன் பக்கம் திரும்பினார். "அப்ப நீ வாங்கியிருக்க. ஐந்நூறு டாலரை மிச்சம் பிடிக்க எங்கப்பாவைப் பொய் சொல்ல வெச்சிருக்க."

"பொய் இல்லடா," என்றார் கிழவர். "நான் போட்டா போட்டதுதான்."

"சரிப்பா. அப்படின்னா ஒரு விஷயம் பேசிடலாம்." வெர்னன் தொப்பியைத் தலையில் வைத்தார். "அப்பாவோட இடுப்பு ஆபரேஷன் கடனை நானும் கிளிஃபும் பாதிப் பாதி கட்டறோம். இனிமே மூணுல ஒரு பங்கு உன்னோடது தம்பி. சனிக்கிழமை விடியறதுக்கு முன்னாடி கன்றுகளுக்குக் காயடிக்கணும், காலைப் பிடிக்க ஆள் வேணும். நிலத்துக்கு வரி வருது. அதுலயும் ஒரு பங்கு. உனக்குச் சம்மதம்னா அந்தப் படிவத்தைக் கொண்டுபோய்க் குடு, நான் வாய் திறக்க மாட்டேன். இல்ல, வெறும் வண்டி வாங்கினவன்தான்னா, அதையும் இப்பவே சொல்லிடு."

கோல்பி தரையைப் பார்த்தான்.

"வாங்கினவன் சார்," என்றான்.

கிழவர் கையிலிருந்த தீனியெல்லாம் ஒரே இடத்தில் கொட்டியது. கோழிகள் ஓடிவந்தன. "சரி," என்றார். அந்தச் 'சரி'க்கு வெர்னனின் இடுக்கி எவ்வளவோ தேவலாம்.

எங்கள் வீட்டுக்குப் போய் லாரியை எடுத்துக்கொண்டு, ஐந்து பேரும் திரும்பக் கூடியது வரி அலுவலகத்து வாசலில். கோல்பி முன்பெட்டியிலிருந்து படிவத்தை எடுத்துக் கிழவரிடம் நீட்டினான். அவர் வாங்கவில்லை.

"நீயே கிழி. நான் கையெழுத்துப் போட்டதை நான் கிழிக்கறதில்ல."

அவன் கிழித்தான். துண்டுகளை என்ன செய்வதென்று தெரியாமல் என்னிடம் கொடுத்தான். நானும் தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

உள்ளே வரிசை நீளமாக இருந்தது. எங்களுக்குப் பின்னால் வெர்னன், அவருக்குப் பின்னால் கிளிஃப். கிழவர் சுவரோர நாற்காலியில் உட்கார்ந்து வண்டிச் சொந்தப் பத்திரத்தை மடியில் வைத்திருந்தார். முறை வந்ததும் எழுந்து வந்து, விற்றவர் என்ற இடத்தில் கையெழுத்திட்டுவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்தார்.

ஜன்னலுக்கு அந்தப்பக்கம் இருந்த அம்மாள் கண்ணாடிக்கு மேலாக எங்கள் கூட்டத்தைப் பார்த்தார்.

"இனாமா, விலைக்கா?"

"விலைக்கு மேடம்."

"வித்தவர் சொந்தக்காரரா?"

கோல்பி திரும்பி நாற்காலிப் பக்கம் பார்க்கவில்லை. "இல்ல மேடம்."

"எவ்வளவுக்கு வாங்கினீங்க? எங்க கணக்குப்படி இதுக்கு ஆறாயிரம் சொன்னாலே ஏத்துக்குவோம்."

நான் வெர்னனைத் திரும்பிப் பார்த்தேன்.

"எண்ணாயிரம்," என்றான் கோல்பி. "முழுசா போட்டுக்கங்க மேடம்."

காசோலையில் எண்ணில் ஐந்நூறு எழுதினான். எழுத்தால் எழுதும்போது பாதியில் தப்பாகிவிட்டது. "மன்னிச்சுக்கங்க மேடம்," என்று அதைக் கிழித்துவிட்டு, இன்னொன்றை எடுத்து, மறுபடி முதலிலிருந்து எழுத ஆரம்பித்தான்.