அக்காவின் புதுக் கண்ணாடி

1

இந்தக் கதை ஒரு தும்மலில் பிறந்தது. தும்மியவர் கண்ணாடிக்கடைக்காரர். அது தெரியாமல் நான் முதலில் எழுதி வைத்திருந்த தொடக்கங்கள் எல்லாம் பெரிய மனுஷத்தனமானவை.

முதல் தொடக்கம்: "நம்பிக்கை என்பது ஒரு வீடு, அதற்குள் நுழையும்போது யாரும் கதவைப் பூட்டுவதில்லை, பிறகுதான்—" அடித்துவிட்டேன். காலண்டரில் அச்சடிக்கலாம் போலிருந்தது.

இரண்டாம் தொடக்கம்: "அக்கா இறந்த அன்று—" இதை அடிக்கவில்லை. மேற்கொண்டு எழுதத்தான் முடியவில்லை. அப்படியே கிடக்கட்டும். போகிற வழியில் காலில் இடறும்.

கதையில் ஓர் அக்கா, ஒரு தங்கை. தங்கை நான்தான். இதை ஒளித்து வைத்துக் கடைசியில் போட்டு உடைக்கலாம் என்று ஆசை இருந்தது. ஆனால் ஒளித்து வைத்து வித்தை காட்டுவது எங்கள் பெரியப்பாவின் தொழில். அதில் அவரோடு போட்டி போட விருப்பமில்லை. இருந்தாலும் அவளைத் 'தங்கை' என்றுதான் சொல்லப் போகிறேன். கொஞ்சம் தள்ளி உட்கார வைத்தால்தான் அவளைப் பார்த்துச் சிரிக்க முடிகிறது.

2

பெரியப்பா எங்களுக்குப் பெரியப்பா அல்ல. அவர் ஆட்களைச் சேர்த்துக் கூட்டம் நடத்துகிற கூடத்துக்கு வருகிற எல்லோருக்கும் அவர் பெரியப்பா. அவரைவிட மூத்த, பல்லெல்லாம் கொட்டிய ஒரு தாத்தாகூட "பெரியப்பா, என்னைக் கொஞ்சம் பாருங்க" என்று குழைவார். அவருடைய சொந்தத் தம்பியும் அவரைப் பெரியப்பா என்றே கூப்பிட்டார். (இது நான் சேர்த்த கற்பனை என்று நினைப்பீர்கள். இவ்வளவு நல்ல கற்பனை எனக்கு வராது.)

கூடத்தில் தடை என்று எதுவுமே கிடையாது. அதுதான் எங்கள் பெருமை. பெரியப்பா கேள்வி மட்டும்தான் கேட்பார்.

"அந்தக் கல்யாணத்துக்குப் போகணுமா? உனக்கு என்னம்மா தோணுது? மனசைக் கேட்டு நீயே சொல்லு."

நாங்கள் மனசைக் கேட்க மாட்டோம். அவருடைய இடது புருவத்தைப் பார்ப்போம். புருவம் ஏறினால் பதில் தப்பு. "போகலாம்னுதான்..." என்று தொடங்குகிற அக்கா, புருவம் எழுவதைக் கண்டதும், "...முதல்ல நெனச்சேன். இப்ப வேணாம்னு படுது பெரியப்பா" என்று முடிப்பாள். ஒரே வாக்கியத்துக்குள் வண்டியைத் திருப்புவதில் அவளுக்கு நிகர் யாருமில்லை.

"பாத்தீங்களா? நான் ஒண்ணுமே சொல்லலை. அவளே சொல்லிட்டா," என்பார் பெரியப்பா. நாங்கள் கைதட்டுவோம்.

அக்கா தன் டீச்சர் வேலையை விட்டதும் வந்த வரனை விட்டதும் இப்படித்தான். எல்லாம் அவளே எடுத்த முடிவு.

தங்கை வெளியே வந்ததில் வீரம் எதுவும் இல்லை. மருந்துக்கடையில் வேலை கிடைத்தது. கூட்டம் நடக்கிற நாளில்தான் கடையிலும் கூட்டம். அவள் வராமல் போகப் போக, பெரியப்பாவின் புருவம் ஏறின இடத்திலேயே நின்றுவிட்டது. போனவர்களோடு பேசக் கூடாது என்று கூடத்தில் விதி கிடையாது. பேசணும்னு தோணுதா என்று அக்காவைக் கேட்டிருப்பார், அவ்வளவுதான். அதன் பிறகு அக்கா தங்கையோடு பேசவில்லை.

3

வெளியே வந்தவர்கள், தாங்கள் இருந்தது எப்படிப்பட்ட இடம் என்பதை எப்படித்தான் கண்டுகொள்கிறார்கள்? இந்த இடத்தில் ஒரு கட்டுரை வர வேண்டும். எழுதியும் பார்த்தேன். எழுதியதைப் படித்தபோது எனக்கே கொட்டாவி வந்தது.

இணையத்தில் 'உங்களைப் பிடித்து வைத்திருக்கும் குழுவின் பத்து அறிகுறிகள்' என்று போட்டிருக்கிறார்கள். மருந்துக்கடையின் பின்பக்கம், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே சாப்பிட்டுக்கொண்டே தங்கை அதைப் படித்தாள். சர்க்கரை நோயின் அறிகுறிகளைப் படிக்கிறவர்கள் மாதிரி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். பத்தும் பொருந்தின. "ஆனா எங்க பெரியப்பா அப்படி இல்லை" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.

அறிவுக்குத் தெரிவது வேறு, உடம்புக்கு— கொஞ்சம் நில்லுங்கள். இந்த வாக்கியம் எங்கே போய் முடியப் பார்க்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதுவும் காலண்டருக்குத்தான் போகிறது. வாருங்கள், கண்ணாடிக்கடைக்குப் போவோம்.

4

மாத்திரை அட்டையின் பின்னால் காலாவதித் தேதியை மை இல்லாமல் வெறுமனே அழுத்தியிருப்பார்கள். பளபளக்கிற அந்தத் தகட்டை விளக்குக்கு நேரே சாய்த்தால்தான் எழுத்து தெரியும். தங்கைக்கு எப்படிச் சாய்த்தாலும் தெரியவில்லை.

"நீ மருந்து விக்கிறியா, ரேகை பாக்கிறியா?" என்றார் முதலாளியம்மா. "யாராவது செத்துகித்துப் போறதுக்கு முன்னாடி போய் கண்ணாடி போட்டுட்டு வா."

கண்ணாடிக்கடையின் உள்ளறை இருட்டு. எதிர்ச்சுவரில் மட்டும் வெளிச்சமான எழுத்துப் பலகை. கடைக்காரர் தங்கையின் மூக்கில் கனமான ஒரு இரும்புச் சட்டத்தை ஏற்றி, லென்ஸ்களை மாற்றி மாற்றிச் செருகினார்.

"இது தெளிவா?" சடக். "இல்ல, இது தெளிவா?"

தங்கை திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சுவரைப் பாருங்கம்மா. என்னைப் பார்க்காதீங்க. என் மூஞ்சில எழுத்து ஒண்ணும் இல்லை."

"ரெண்டாவதுதான்," என்றாள். ஓரக்கண்ணில் பார்த்தாள். அவருடைய புருவம் ஏறியது. "...இல்லை, மொதல்ல போட்டீங்களே, அதுதான்."

அந்தக் கண்ணாடியைப் போட்டதும் கடைவாசல் படி ஒரு முழம் கீழே போயிற்று. திரும்பி வந்தாள். மறுபடி சோதனை. மறுபடி புருவம். இரண்டாவது கண்ணாடியில் முதலாளியம்மாவுக்கு இரண்டு தலை. (ஒன்றே அதிகம் என்று கடையில் பேச்சு.) மூன்றாவது முறை அவள் வந்தபோது கடைக்காரர் சட்டத்தைக் கையில் எடுக்கவில்லை.

"அம்மா, நீங்க எதிர்க்கடைக்காரன் அனுப்பின ஆளா?"

"ஐயோ, இல்லைங்க. நான் ரெண்டாவதுன்னு சொன்னப்ப நீங்கதான் புருவத்தைத் தூக்கினீங்க. அதான் மாத்திச் சொன்னேன்."

"புருவமா?" அவர் தன் நெற்றியைத் தடவிப் பார்த்தார். "அது தும்மலும்மா! எனக்குத் தூசி ஆகாது. தும்மல் வர்றதுக்கு முன்னாடி அது தானா மேல போகும்."

"அப்ப எதுங்க சரியான பதில்?"

"அது எனக்குத் தெரிஞ்சா உங்களை எதுக்கும்மா கேக்கிறேன்? உங்க கண்ணுக்கு என்ன தெரியுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கேள்வி கேட்கிற ஒருவருக்கு உண்மையாகவே பதில் தெரியாமல் இருக்க முடியும் என்பது அவளுக்குப் புதுச் செய்தி. பத்து அறிகுறிகளிலும் இது இல்லை. தாத்தாவின் குழைவு, அக்கா திருப்பிய வண்டிகள், தான் தட்டிய கைதட்டல்கள் எல்லாம் சேர்ந்து வந்து அந்த இருட்டறையில் நின்றன. அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வந்தது சிரிப்பு இல்லை.

கடைக்காரர் பதறிப் போனார். பெரிதாக ஏதோ ஆறுதல் சொன்னார் என்று எழுதலாம். அவர் அப்படிப்பட்டவர் இல்லை.* சட்டத்தை மாட்டி, லென்ஸைச் செருகிவிட்டு, தான் போய் மூலையில் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். "நான் இப்ப இங்க இல்லைன்னு வெச்சுக்கோங்க. சொல்லுங்க."

தங்கை சுவரை மட்டும் பார்த்தாள்.

"எனக்கு ரெண்டும் ஒரே மாதிரி இருக்குங்க."

"அதுவும் பதில்தாம்மா!"

* மறு வாரம் கடைவீதியில் என்னைப் பார்த்தபோது பக்கத்திலிருந்தவரிடம், "மூணு கண்ணாடி வாங்கின புருவம் அம்மா இவங்கதான்" என்று அறிமுகப்படுத்தினார்.

5

இரண்டாம் தொடக்கம் இங்கேதான் இடறுகிறது.

அக்கா இறந்த அன்று தங்கைக்கு அது தெரியாது. செய்தி பிறகுதான் வந்தது, ஒரு துணிப்பையோடு. கொண்டு வந்தவர் கூடத்தின் ஸ்கூட்டர் மெக்கானிக். அக்கா, தங்கை இரண்டு பேருக்கும் கூடப்பிறக்காத அண்ணன் மாதிரி. வெளியே போனவளோடு அவர் பேச முடியாது. அதனால் வாசல் கதவோடு பேசினார்.

"இந்த வீட்டுக்காரங்ககிட்ட சொல்லிடு. அக்கா போயிட்டாங்க. காய்ச்சல்தான், ரெண்டே நாள். எல்லாம் முடிஞ்சிடுச்சு."

"அண்ணே, எப்போ?"

அவர் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தார். "போன வாரம், கதவே."

"யாராவது அழுதீங்களா?"

"அழணும்னு தோணுதான்னு பெரியப்பா கேட்டார், கதவே." தாழ்ப்பாளை ஒரு தடவை இழுத்துவிட்டார். அவர் தொழில் புத்தி, எது ஆடினாலும் தொட்டுப் பார்ப்பார். "யாருக்கும் தோணலை."

பையை வாசலில் வைத்தார். வண்டியைக் கிளப்பியவர், அணைத்துவிட்டு மறுபடி வந்தார். "உடம்பைப் பாத்துக்கோங்க, கதவே," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பையில் இரண்டு உடுப்பு, ஒரு சீப்பு, ஒரு கண்ணாடிக்கூடு. கூடத்தில் எல்லோருக்கும் ஒரே தடித்த கறுப்புக் கண்ணாடிதான். கண் பரிசோதனை முகாம் போட்டு, பெரியப்பாவின் மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்து, மொத்தமாகக் கொடுப்பார்கள். இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர்.

கூட்டில் இருந்தது அது இல்லை. மெல்லிய, கத்திரிப்பூ நிறச் சட்டம். புதுசு.

அப்படியானால் அக்கா எங்கேயோ ஒரு கடைக்குப் போயிருக்கிறாள். ஓர் இருட்டறையில் உட்கார்ந்திருக்கிறாள். யாரோ ஒருவர் அவளிடம் 'இது தெளிவா, அது தெளிவா' என்று கேட்டிருக்கிறார். அப்போது அக்கா எங்கே பார்த்தாள், சுவரையா, முகத்தையா? எனக்கு வேண்டியது இது ஒன்றுதான். இந்தக் கதையை எழுதுவதே இதற்காகத்தான்.

6

"பவர் சொல்லிடலாம்," என்றார் கடைக்காரர். கத்திரிப்பூக் கண்ணாடியைக் கருவியில் கவிழ்த்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். "வலது ஒரு பவர், இடது வேற பவர்."

தங்கை இடைமறித்தாள். "அப்ப அவளே பாத்துச் சொல்லியிருக்கா! முகாம் கண்ணாடின்னா ரெண்டும் ஒண்ணா இருக்குமே!"

"அம்மா, உங்களுக்கு நான் முதல்ல குடுத்த தப்புக் கண்ணாடியும் வேற வேறதான்."

"பின்ன, இது அவ கண்ணுக்குச் சரியா இருந்துச்சான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"அந்தக் கண்ணைக் கூட்டிட்டு வாங்க, அஞ்சு நிமிஷத்துல சொல்றேன்," என்று பழக்கத்தில் சொல்லிவிட்டார். தங்கை காலிக் கண்ணாடிக்கூட்டை மூடினாள். அவர் புரிந்துகொண்டார். கண்ணாடியைத் துடைத்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

7

முடிவுகள்.

தங்கை அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொள்கிறாள், உலகமே தெளிவாகிறது. (இந்த முடிவு தானாகவே வந்து வரிசையில் முதலில் நின்றது. மாட்டிப் பார்த்தேன். தலைவலியும் கண்ணீரும் வந்தன. பவரால் வந்த கண்ணீர். சரி, பவராலும்.)

ஒன்று: அக்கா யாரிடமும் சொல்லாமல் தனியாகப் போனாள். தனக்குப் பிடித்த நிறத்தில் சட்டம் எடுத்தாள். சுவரைப் பார்த்தாள், தன் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னாள். அங்கேயே அவளுக்கு எல்லாம் புரிந்தது. அடுத்து என் வீட்டுக் கதவைத் தட்ட வந்திருப்பாள், காய்ச்சல் முந்திக்கொண்டது.

இரண்டு: பக்கத்தில் பெரியம்மா உட்கார்ந்திருந்தார். "கத்திரிப்பூ நிறம் நல்லா இருக்குன்னு தோணுதாம்மா?" அக்காவுக்குத் தோன்றியது. தப்பான கண்ணாடி வழியே கலங்கலாகப் பார்த்துக்கொண்டு, கடைசிவரை, தெளிவாக இருக்கிறது என்று சொன்னாள்.

இதில் எது என்று முடிவு செய்துவிட்டு, உங்களிடம் "உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்பதுதான் எழுதுகிறவர்களின் வழக்கம். அந்த வேலையை நன்றாகச் செய்த ஒருவரை எனக்குத் தெரியும். அதனால் நான் முடிவு செய்யவில்லை. ஆசை இருக்கிறது. பதில் இல்லை.

கண்ணாடி மேசைமேல் இருக்கிறது. நான் மூலைக்குப் போய் முதுகைக் காட்டி நிற்கிறேன், நீங்கள் சொல்லுங்கள். ஒன்றா? சடக். இரண்டா?

சுவரைப் பாருங்கள், என்னைப் பார்க்காதீர்கள். 'ஒன்று' என்று நீங்கள் சொல்லும்போது என் தோள் குலுங்கினால் பதிலை மாற்றாதீர்கள். அது தும்மல்.