நாக்கில் பட்ட நூல்

எனக்கு இது சரியாக நினைவிருக்கிறதா என்பதே சந்தேகம். அவள் முதலில் அலறினாளா, நான் முதலில் பாய்ந்தேனா, இன்னும் பிடிபடவில்லை.

கெர்க்கென்னா தீவில் மண்பானைகளைக் கயிற்றில் கோத்துக் கடலில் இறக்கி எட்டுக் கைகள் கொண்ட பேய்க்கணவாய் பிடிக்கிறோம். முட்டையிட்ட பெண் கணவாய் பானையைவிட்டு வராது. இரை எடுக்காது. முட்டைகளுக்குத் தண்ணீர் விசிறியே மெலியும். கடைசியில் தன் கைகளையே பிய்த்துத் தின்று சாகும்.

என் சித்தப்பா மகள் இன்சாஃப் கரையோரக் கொட்டகையில் தொட்டிகள் வைத்து அதை ஆராய்ந்தாள்.

"பசியால சாகல, ஷாத்லி அண்ணே. கண்ணுக்கு நடுவுல அரிசி மாதிரி ரெண்டு சுரப்பி. அதுல ஊறுற ஹார்மோன்தான் கொல்லுது. அறுத்து எடுத்துட்டா பொழைக்கும்."

"நாங்களும் பிடிச்சதும் கொல்ல அங்கதானே கடிக்கிறோம்? ஒண்ணாவது பொழச்சிருக்கா?"

"உன் பல்லும் என் கத்தியும் ஒண்ணா? பல்ல வெளக்கிட்டுப் பேசு."

ஏழு பெண் கணவாய்களை அறுத்தாள். ஆறு செத்தன. ஏழாவது, மூன்றாம் நாள் முட்டைகளை விட்டு வெளியே வந்து ஒரு நண்டை நொறுக்கித் தின்றது. இன்சாஃப் அழுதாள். கோடை வரை அது உயிரோடிருந்தால்தான் தலைநகர் தூனிஸில் பணம் கொடுப்பவர்கள் நம்புவார்கள். இல்லையென்றால் கொட்டகையை மூடிவிடுவார்கள்.

அது கொழுத்தது. முட்டைகள் பூசணம் பிடித்து உதிர்ந்தன, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் விட்ட ஆணை நெரித்துத் தின்றது.

ஒரு காலை எடை பார்க்கக் கைவிட்டாள். அது தோள்வரை ஏறிச் சுற்றிக்கொண்டு மணிக்கட்டைக் கடித்தது. தொட்டி சிவந்தது. நான் பிய்த்தெடுத்தேன். ஒட்டியிருந்த அவள் தோலும் வந்தது. எங்கள் வழக்கப்படி கண்களுக்கு நடுவே கடித்தேன்.

நாக்கில் நூல் தட்டியது. அவள் போட்ட தையல்.

"விடு அண்ணே! அது என்னோடது, விடு!"

கேட்டது. ஆனாலும் படிக்கல்லில் ஓங்கி அடித்தேன். கறி மிருதுவாக நாற்பது அடி எங்கள் கணக்கு. அவள் என் முதுகைக் குத்திக்கொண்டேயிருந்தாள். நாற்பதும் அடித்து முடித்த பிறகே கை நின்றது.

"நல்லா மெதுவாயிடுச்சு. கொண்டுபோய்ச் சமைச்சிக்கோ," என்றாள்.

அந்த மாதமே கொட்டகை மூடப்பட்டது. இப்போது அதில் வலைகள் கிடக்கின்றன. இன்சாஃப் ஸ்ஃபாக்ஸ் நகரில் பள்ளி ஆசிரியை. வலதுகையின் இரண்டு விரல்கள் மடங்காது. என் வீட்டுக்கு வருவதில்லை. நான் இன்னும் பானை இறக்குகிறேன். கடிப்பதில்லை, கத்தி வைத்திருக்கிறேன்.