இரண்டு கையும் மேலே

திருக்கையின் வாலை வெட்டாமல் படகுக்குள் போடக் கூடாது என்பது கடலுக்குப் போகிற எவனுக்கும் தெரியும். யாகப்பு அத்தானுக்குத் தெரியாதா? ஆனால் அன்றைக்கு வலையில் இரண்டு திருக்கைகள் ஒன்றாகச் சிக்கியிருந்தன. ஒன்றின் வாலை அவர் வெட்டிக்கொண்டிருக்க, மற்றது துள்ளி, வால்முள்ளை அவர் தொடையின் மேற்பக்கத்தில் ஏற்றிவிட்டது. முள்ளை அவர் வெடுக்கென்று பிடுங்கியதுதான் பெரிய பிழை. குழாயைத் திறந்த மாதிரி இரத்தம் வந்தது.

அவரைப் படகின் முன்பக்கம் சரித்து, மாற்றி உடுக்க வைத்திருந்த சாரத்தைச் சுருட்டி வைத்து, இரண்டு கையாலும் அமத்தினேன். அமத்தினால் நின்றது. கொஞ்சம் இளக்கினால் பாய்ந்தது. காயம் தொடை இடுக்கில். அங்கே எந்தக் கட்டு நிற்கும்? எஞ்சின் பின்பக்கம். போனும் அங்கேதான், பொலித்தீன் பைக்குள் பத்திரமாகக் கிடந்தது. மாதகல் கரை தூரத்தில் பனைகளாக மட்டும் தெரிந்தது. றெஜினா அக்காவுக்கு அவளுடைய புருஷனை உயிரோடு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எனக்கு வேறு எந்த நினைப்பும் இல்லை.

"அத்தான், கதைச்சுக்கொண்டிருங்கோ. நித்திரை கொள்ளாதேங்கோ."

"என்னத்தைக் கதைக்கிறது? நீ அமத்திற அமத்தில மூச்சு வருகுதில்லை."

"அப்ப என்னை ஏசுங்கோ."

"விசரா," என்றார். அதோடு கண்ணை மூடிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் முண்டம் வந்தது.

கடல் எல்லைப் பக்கம் நேவி புதிதாக ஓடவிட்டிருக்கும் ஆளில்லாப் படகுக்கு எங்கள் ஊரில் வைத்த பேர் அது. சாம்பல் நிறம். ஆள் நிற்க வேண்டிய இடத்தில் சுழலும் கமராவும் ஒலிபெருக்கியும், அதற்குக் கீழே சுடுவதற்கு ஒரு துவக்கு. எங்கேயோ ஒரு அறைக்குள், மின்விசிறிக்குக் கீழே இருந்து, திரையைப் பார்த்தபடி ஒருவன் அதை ஓட்டுகிறானாம். கண்ணும் வாயும் வைத்தவர்கள் காது வைக்க மறந்துபோனார்கள். நாங்கள் என்ன கத்தினாலும் அதற்குக் கேட்காது.

"இரண்டு கைகளையும் மேலே உயர்த்துங்கள்," என்றது. பதிந்து வைத்த பெண்குரல். செய்தி வாசிக்கிற தமிழ்.

நான் உயர்த்திவிட்டேன். யோசித்தா செய்தேன்? சின்ன வயதிலிருந்து ஆமிச் சென்றியிலும் கடலிலும் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் மேலே போய்ப் பழகிய கைகள். சண்டை முடிந்து இத்தனை வருடமாகிவிட்டதென்று அவற்றுக்கு யாரும் சொல்லவில்லை. அத்தானின் இரத்தம் என் நெஞ்சில் அடித்தது. ஐயோ என்று கத்திக்கொண்டு மறுபடி விழுந்து அமத்தினேன்.

முண்டம் எங்களை ஒரு சுற்றுச் சுற்றியது. "இரண்டு கைகளையும் மேலே உயர்த்துங்கள்."

"கையை எடுத்தா ஆள் செத்துப்போவார்! விளங்குதே, அறுதலி!"

அதற்கு எங்கே விளங்கப்போகிறது? இன்னும் கிட்ட வந்தது. துவக்கு மெல்லத் திரும்பி எங்களைப் பார்த்து நின்றது. "இது இறுதி எச்சரிக்கை." அந்தத் திரையில் என்ன தெரிந்திருக்கும்? ஒருவன் படுத்திருக்கிறான், மற்றவன் துணிக்குக் கீழே எதையோ ஒளித்துப் பிடித்திருக்கிறான். நானென்றாலும் சந்தேகப்பட்டிருப்பேன். ஆனாலும் அந்தக் கைகளை எடுப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

முழங்காலைத் தூக்கிச் சாரத்தின் மேல் வைத்து, உடம்புப் பாரம் முழுவதையும் அதில் போட்டேன். அத்தான் முனகினார். இடக்கையை அசைக்காமல் வலக்கையை மட்டும் உருவி, விரல்களை விரித்து, கமராவுக்கு நேரே நீட்டினேன். முழங்கை வரைக்கும் சிவப்பு.

செய்தி வாசித்த குரல் பாதியில் நின்றது. கரகரவென்று ஏதோ சத்தம். பிறகு, அதை ஓட்டுகிறவனாக்கும், ஓர் இளம்பிள்ளையின் குரல், தட்டுத் தடுமாறும் தமிழில்.

"அண்ணை... ரத்தமா?"

தலையை ஆட்டினேன்.

"கை எடுக்க வேணாம். கை வைங்க. நல்லா வைங்க. எங்கட போட் வருது."

துவக்கு கடலைப் பார்த்துத் தாழ்ந்தது. நான் வெட்கமில்லாமல் அழுதேன். இவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டுதானே இருந்தாய் என்ற ஆத்திரமும் அந்த அழுகையில் கலந்திருந்தது. முண்டம் காற்று வரும் பக்கமாக வந்து எங்களுக்கு மறைப்பாக நின்றது. அலையின் ஆட்டம் குறைந்தது.

"அண்ணை, அவருக்கு உயிர் இருக்கா?"

எனக்கே தெரியாது. விரல்களுக்குக் கீழே துடித்தது அவருடைய நாடியா, என்னுடையதா என்று பிரிக்க முடியவில்லை. முகம் வெளிறிப்போயிருந்தது.

"அத்தான்! அத்தான்!"

அவர் கண் திறக்கவில்லை.

"அண்ணை, சொல்லுங்க. உயிர் இருக்கா?" அந்தப் பிள்ளையின் குரலும் உடைந்திருந்தது. ஓம் என்று தலையாட்டவோ, இல்லையென்று ஆட்டவோ எனக்கு மனம் வரவில்லை.

ஒலிபெருக்கி மறுபடியும் கேட்டது. அப்போது அத்தானின் விரல்கள் அசைந்தன. வலக்கை பலகையிலிருந்து எழும்பி, விழுந்து, திரும்ப எழும்பியது. இடக்கையும் கூட வந்தது. மூடிய கண் மூடியபடியே, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார்.

"சுடாதேங்கோ ஐயா," என்றார்.

அது அந்தப் பிள்ளைக்குக் கேட்டிருக்காது. கைகள் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

"ஆ, இருக்கு! உயிர் இருக்கு!" என்று அவன் சந்தோஷத்தில் கத்தினான். "போதும் அண்ணை, காணும். கை கீழ போடுங்க."

தூரத்தில் நேவிப் படகின் இரைச்சல் கேட்கத் தொடங்கியது. அத்தானின் கைகள் மேலேயே நின்றன.