பலகையில் எரிந்த எண்

1

மாலை வகுப்பு ஆசிரியை கொடுத்த தலைப்பு இது: எந்தக் கால்பந்துப் பயிற்சியாளர்களுக்கு நாட்டின் விருது தகும்? ஒரு பக்கக் கட்டுரை. நான் மூன்று அளவுகோல்கள் வகுத்துக்கொண்டேன்: வெற்றி, உழைப்பு, நேர்மை. மூன்றிலும் அப்பா தேறினார். அதன் பிறகும் பேனா நகரவில்லை. அதனால்தான் இது கதையாகிவிட்டது.

2

இறுதி ஆட்டத்தன்று மழை கொட்டிக்கொண்டு—

(மழை பெய்யவில்லை. மறுபடி தொடங்குகிறேன்.)

2

கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடம். இரு பக்கமும் கோல் இல்லை. பெனால்டிதான் இனி. மகளிர் அணியின் பயிற்சியாளரான என் அப்பா கோல்கீப்பரை மாற்றினார். வெளியே வர வேண்டியவரைக் காட்ட நடுவர் தூக்கிய பலகையில் 1 என்ற எண் சிவப்பாக எரிந்தது. அது என் அக்கா. அதுவரை ஒரு பந்தையும் உள்ளே விடாதவள். அப்பா அவள் பக்கம் திரும்பவே இல்லை. அக்கா கையுறையைக் கழற்றி எறிந்தாள்.

(எறியவில்லை. தனக்குப் பதிலாக உள்ளே போனவளின் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தாள். எறிந்திருந்தால் எழுதுவது எளிது.)

உள்ளே போனவள் இரண்டு பெனால்டிகளைத் தடுத்தாள். கோப்பை வந்தது. அதற்குப் பிறகு அக்கா ஆடவில்லை.

3

இன்று அப்பாவுக்கு அந்த விருதைக் கொடுக்கும் விழா. முன்வரிசையில் குடும்பத்தில் ஒருவருக்கு நாற்காலி உண்டு. நேற்று சமையலறை மேசையில் அப்பா கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"சின்னவளே, அக்கா வருவாளான்னு கேட்டியா?"

"நீங்களே கேளுங்கப்பா. பக்கத்துலதானே உக்காந்திருக்கா."

அக்கா வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கூப்பிடுறது யாரு? கோச்சா, அப்பாவா?"

"கோச்சுக்கு மாத்து ஆள் உண்டு. அப்பனுக்கு இல்லம்மா" என்றார் அப்பா.

4

அந்தக் கடைசி வரி என் கற்பனை. இன்று காலை இதைப் படித்த அக்கா சிரித்துவிட்டாள்.

"நம்ம அப்பா என்னைக்குடி இப்படி வசனம் பேசினாரு? அவரை வெளிய எடுத்துட்டு வேற யாரையோ இறக்கிட்டியே!"

உண்மையில் அவர் சொன்னது, "வந்தா நல்லாருக்கும்." சொல்லிவிட்டு, தேய்த்த காலரையே மறுபடி தேய்த்தார்.

"அன்னைக்கு அவர் மாத்தினது சரிதானேக்கா?"

"சரிதான். அதான்டி கஷ்டம். தப்பா இருந்திருந்தா எப்பவோ மன்னிச்சிருப்பேன்." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "என்னைப் பாத்துச் சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான்."

5

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அக்கா முன்வரிசையில் கைதட்டுகிறாள். மற்றொன்றில் நாற்காலி காலி. இரண்டிலும் அப்பாவுக்கு விருது கிடைத்துவிடுகிறது. ஆகவே இரண்டுமே என் கட்டுரைக் கேள்விக்குப் பதிலாகவில்லை. (அல்லது எனக்கு எழுத வரவில்லை.)

வாசலில் வண்டி வந்துவிட்டது. அப்பா கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நிற்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் அக்கா எழுந்து, ஈரக் கையைத் துடைக்கிறாள்.

இனி பலகை உங்கள் கையில். எந்த முடிவின் எண்ணைத் தூக்கினாலும் சரி. தூக்கும் முன் அவள் முகத்தை ஒருமுறை பாருங்கள்.