ராஜலிங்கம் செத்துக்கிடந்த காட்சி

டீவியின் மேல் போர்த்தியிருந்த வெள்ளை வேட்டியை நிரஞ்சனி பாதி இழுத்துவிட்டாள். சவப்பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சீதா நிமிர்ந்தாள்.

“கைய எடுடி.”

“அம்மா, இன்னைக்குத்தான் அப்பா வர்றாரு.”

“ஒங்கப்பாதான் இந்தா கெடக்காரே.”

காலையில் பேராதனை ஆஸ்பத்திரியிலிருந்து ராஜலிங்கத்தைக் கொண்டுவந்திருந்தார்கள். கலஹா தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான அந்தச் சின்னக் காம்பராவை அவருடைய பெட்டியே அடைத்துக்கொண்டிருந்தது.

நாட்டின் வரலாற்றைச் சொல்லும் அந்தத் தொடர்நாடகம் சனிக்கிழமை தவறாமல் ஓடியது. ராஜாக்கள் வந்தார்கள், துரைமார் வந்தார்கள், துரைமாரின் நாய்கள்கூட வந்தன. இந்த மலையில் காடு வெட்டியவர்களைத்தான் காணோம். இன்றைக்குத்தான் அவர்கள் இந்தியாவிலிருந்து கடல் தாண்டி மன்னாரில் இறங்கி, கால்நடையாகக் கண்டிச் சீமைக்கு வரப்போகிறார்கள். வழியில் கொள்ளைநோயில் விழுந்து சாகிறவனாக ராஜலிங்கம் நடித்திருந்தார். வசனமே இல்லாத அந்த வேஷத்தைப் பற்றி அவர் பேசாத ஆள் தோட்டத்தில் இல்லை.

சீதா மட்டும் அவர் நடித்துவிட்டு வந்த அன்றைக்கே சண்டை போட்டு வீட்டை இரண்டாக்கினாள். உயிரோடு இருக்கிற மனுசன் பிணமாகப் படுக்கலாமா? மாரடைப்பு என்று டொக்டர் சொன்னது இப்போது அவள் காதில் ஏறவே இல்லை. நாடகம்தான் அவரைக் கொண்டுபோய்விட்டது என்பது அவள் கட்சி.

ராஜலிங்கத்தின் தம்பி கணேஸ் உள்ளே எட்டிப்பார்த்தான்.

“அண்ணி, நாடகம் தொடங்கப் போகுது. நீங்க போடாம லயத்துல ஒருத்தரும் போட மாட்டாங்க.”

லயத்தில் ஒரு சாவு விழுந்தால் அடக்கம் முடியும்வரை எந்தக் காம்பராவிலும் டீவி ஓடாது. வெளியே இஸ்தோப்புத் திண்ணை நெடுகச் சனம் கைகட்டி நின்றது. நிரஞ்சனிக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“அப்பாவுக்காக மட்டும் இல்லம்மா. நம்மாளுங்க எல்லாருந்தான் வர்றாங்க. இன்னைக்குப் பாக்காம என்னைக்குப் பாக்குறது?”

சீதா பெட்டிக்குள் விலகியிருந்த துணியை இழுத்துவிட்டாள்.

“போட்டுத் தொலை. நா பாக்க மாட்டேன்.” சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வேட்டி விலகியது. வாசலிலும் ஜன்னலிலும் தலைகள் நிறைந்தன. திரையில் மூட்டை சுமந்த ஆண்களும் பிள்ளை சுமந்த பெண்களும் காட்டுப்பாதையில் வரிசையாக வந்தார்கள். “வந்துட்டாங்க,” என்று வெளியே யாரோ சொன்னார்கள்.

ராஜலிங்கம் தள்ளாடி விழுந்தார். அவரை மரத்தடியில் கிடத்திவிட்டுக் கூட்டம் நடந்தது. திரையில் அவர் மட்டும் கிடந்தார். அந்தப் பக்கம் ஒரு அப்பா, இந்தப் பக்கம் ஒரு அப்பா. நிரஞ்சனிக்கு இரண்டையும் பார்க்க முடியவில்லை.

“அடியே, வயித்தப் பாரு.”

சீதாதான். எப்போது திரும்பினாள் என்று தெரியவில்லை.

திரையில் செத்துக்கிடந்தவரின் வயிறு மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“மூச்சு வுடுறாருடி. சாகவே இல்ல, இந்த மனுசன்.”

கணேஸ் துண்டால் வாயைப் பொத்தினான். அடக்க முடியவில்லை. சிரிப்பு வாசலுக்குப் பரவி, இஸ்தோப்பைத் தாண்டி, லயத்தின் கடைசிக் காம்பரா வரை போனது.

“அங்க நின்னா என்னா தெரியும்? உள்ள வாங்க,” என்றாள் சீதா. தன் கதிரையைப் பெட்டியோடு ஒட்டி இழுத்துப் போட்டு அவர்களுக்கு இடம்விட்டாள்.